சுவாமிக்கு விழா எடுக்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குகளில் குருக்களுக்கும் (நாங்கள் சுவாமி என்று அழைப்பவர்கள்) கன்னியர்களுக்கும் நாங்கள் எடுக்கும் பாராட்டு விழாக்களைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவைதான். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வெள்ளவத்தை, வத்தளை என்று எல்லாப் பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். பங்குச் சபையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து, கதிரை அடுக்கியதிலிருந்து வரவேற்புரை வாசித்தது வரை எல்லாம் செய்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பங்குச் சுவாமி குருவாகி அடுத்த வருடம் 25 வருடம். பெரிய மண்டபம் எடுத்து ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போடவேண்டும் என்று சபையில் ஒரு பகுதியினர் நிற்கிறார்கள், கோயில் வளவிலேயே செய்தால் போதும் என்கிறார்கள் மற்றவர்கள். நான்கு கூட்டம் போட்டும் முடிவில்லை. எங்கேயிருந்து தொடங்குவது அக்கா?
(கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: தம்பி, நான்கு கூட்டத்தில் ஒரு கூட்டத்திலாவது சுவாமியிடம் "உங்களுக்கு எப்படி விருப்பம்?" என்று யாராவது கேட்டார்களா? கடிதத்தில் அது இல்லாததால் கேட்கிறேன். திடீரென்று செய்து மகிழ்விக்கலாம் என்று நினைப்போம், ஆனால் வெள்ளி விழாவை அப்படிச் செய்ய முடியாது. அவருடைய சொந்த ஊரிலும் நன்றித் திருப்பலி இருக்கும், முன்பு வேலை செய்த பங்குகளும் கூப்பிடும். அவரோடு அதே நாளில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட தோழர்களுக்கும் அதே வாரத்தில்தான் விழா நடக்கும், அவற்றுக்கெல்லாம் இவர் போகவேண்டும். எனவே இரண்டு பேர் மட்டும் போய் அறையில் உட்கார்ந்து மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த நாள், வீட்டார் எத்தனை பேர் வருவார்கள், எது வேண்டவே வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். சிலருக்குப் பொன்னாடை பிடிக்காது, சிலருக்கு மாலையில் இருக்கும் பூ ஒத்துக்கொள்ளாமல் தும்மல் வரும், சிலர் தங்கள் தாய் இல்லாத மேடையில் தாயைப் பற்றி யாரும் பேசுவதைத் தாங்கமாட்டார்கள். கேட்டால்தான் தெரியும்.

அப்புறம் நாள். நிறையப் பங்குகள் பிழை விடுவது இங்கேதான். ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு வைத்தால் சனம் முழுக்க இருக்கும், ஆனால் மற்றச் சுவாமிமார் ஒருவரும் வரமுடியாது, அவரவர் பங்கில் அவரவருக்குப் பூசை. அவருடைய தோழர்கள் பீடத்தைச் சுற்றி நின்று கூட்டுத்திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று விரும்பினால் வாரநாள் மாலைதான் சரி. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டாகப் பிரியுங்கள்: வாரநாளில் திருப்பலியும் குருக்களோடு சாப்பாடும், ஞாயிறு காலையில் பங்கு மக்களோடு தேத்தண்ணி.

தவக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள், முக்கியமாக அதன் வெள்ளிக்கிழமைகளை. பௌர்ணமிப் போயா விடுமுறைதானே என்று அதில் வைப்பதென்றால், அன்றைக்கு இறைச்சிக் கடைகள் பூட்டு என்பதைச் சமையல்காரர் முதலே அறிந்திருக்க வேண்டும். கோயிலுக்கு அடுத்த வீட்டார் விகாரைக்குப் போய் சில் எடுத்து நோன்பிருக்கும் நாளில் நாங்கள் ஒலிபெருக்கி போட்டுக் கொண்டாடுவது அழகில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைக் காலம் என்றால் பாடகர் குழுவில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். யூன் 13 அண்டிய நாட்கள் வேண்டாம், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு கொழும்பே அங்கேதான் நிற்கும்.

மண்டபமா வளவா என்ற உங்கள் சண்டைக்கு என்னுடைய பதில் வளவு. காசு மட்டும் காரணமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பங்கில் நடந்த விழாவுக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பெரிய மண்டபம், பூ அலங்காரம், எல்லாம் குறைவில்லாமல் இருந்தது. சுவாமியை மேடையில் நிறுத்தி வரிசையாக வந்து கைகொடுக்கச் சொன்னார்கள். முந்நூறு பேர். ஆளுக்குப் பதினைந்து வினாடி என்றாலும் ஒன்றேகால் மணித்தியாலம், யாரும் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். நான் வரிசையில் போனபோது அது ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது, ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. கடைசி ஆள் கைகொடுத்துவிட்டுப் போகும்போது அவருக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தது. சீனி வருத்தக்காரர் அவர். எல்லோரும் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து எந்த விழாவென்றாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அவர் எங்கே உட்காருவார், அவரோடு யார் உட்காருவார்கள்? வளவில் வட்ட மேசைகள் போட்டு, அவரை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மேசையிலும் பத்து நிமிடம் உட்காரட்டும். கை வைத்த கதிரை ஒன்று கட்டாயம் வேண்டும். கூடவே ஒரு இளைஞனை விடுங்கள், அவனுக்கு அன்றைக்கு வேறு வேலையே வேண்டாம். சுவாமியின் கையில் சூடான கோப்பை இருக்கிறதா, மருந்து நேரம் வந்துவிட்டதா, யாராவது அவரைப் பிடித்துவைத்து அரைமணி நேரம் வழக்குக் கதைக்கிறார்களா என்று பார்ப்பதே அவன் வேலை.

வெளிப் பங்குகளிலிருந்து விருந்தாளிகள் வந்தால் வாசலில் நிற்கும் தொண்டர்களிடம் முதல்நாளே பெயர்ப் பட்டியல் கொடுத்துவிடுங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு எங்கள் கோயில் வாசல்களில் பையைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அதை மரியாதையோடு செய்யத் தெரிந்தவர்களை நிறுத்துங்கள், அவருடைய வயதான சித்தியைப் பத்து நிமிடம் வெயிலில் நிற்கவைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பங்கில் பன்னிரண்டு வருடம் மறைக்கல்விக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டருக்கு இந்த வருடம் துறவற வாக்குத்தத்தத்தின் பொன்விழா. சபையில் கேட்டால் "சிஸ்டர்மாருக்கெல்லாம் விழா எடுத்துப் பழக்கமில்லை" என்கிறார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. செய்தால் என்ன பரிசு கொடுக்கலாம்? தங்கச் சங்கிலி என்று ஒரு அம்மா சொல்கிறார்.
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: பழக்கமில்லை என்றால் பழக்கிக்கொள்ள வேண்டியதுதான் தங்கச்சி. உங்களோடு சேர்த்து எனக்கும் மனம் கேட்கவில்லை, ஏனென்றால் இதே பிழையை நானும் செய்திருக்கிறேன். ஒரு தடவை இறை அழைத்தல் ஞாயிறுக்கு, அதாவது உயிர்ப்புக் காலத்தின் நான்காம் ஞாயிறான நல்லாயன் ஞாயிறுக்கு, நாங்கள் ஒரு விழா வைத்தோம். அந்த நாளில் அழைத்தலுக்காக உலகமெங்கும் செபிக்கும் வழக்கம் 1964இல் தொடங்கியது. குருக்கள், துறவியர் எல்லோரையும் சேர்த்து நினைக்கும் நாள் அது. நான்தான் மேடையில் பேசினேன். "அழைத்தல் கடவுளின் கொடை" என்று ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தபோது குசினிக் கதவடியில் எங்கள் சிஸ்டர் நிற்பதைக் கண்டேன். வெள்ளை உடுப்பின் கையை முழங்கை வரை மடித்து, இடுப்பில் ஒரு துவாய் கட்டிக்கொண்டு, தட்டில் கோப்பைகளை அடுக்கியபடியே நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் குசினிக்கு அனுப்பவில்லை, ஆள் போதாது என்று தானாகவே போயிருக்கிறார். ஆனால் மேடையில் அவருக்கு ஒரு கதிரை போட்டிருந்தால் போயிருக்கமாட்டார். நாங்கள் போட்டிருக்கவில்லை.

எனவே உங்களுடைய முதல் வேலை, அன்றைக்குக் குசினிக்குச் சிஸ்டர்மாருக்குத் தெரிந்த முகம் ஒன்றைப் பொறுப்பாகப் போடுவது. அவரை நம்பினால்தான் அவர்கள் உள்ளே வரமாட்டார்கள்.

பரிசு பற்றி. தங்கச் சங்கிலி வேண்டாம். ஒரு வித்தியாசத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மறைமாவட்டக் குரு கீழ்ப்படிதலுக்கும் மணத்துறவுக்கும் உறுதி கொடுக்கிறார், ஏழ்மை வாக்குத்தத்தம் கொடுப்பதில்லை. கன்னியரும் துறவறச் சகோதரரும் துறவற சபைக் குருக்களும் ஏழ்மை வாக்குத்தத்தமும் கொடுத்தவர்கள். துறவி ஒருவர் தன் உழைப்பாலோ, தன் துறவற சபையின் உறுப்பினர் என்ற வகையிலோ பெறுவது அந்தத் துறவற சபைக்கே சேரும் என்று திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் பிரிவு சொல்கிறது. சங்கிலியை வாங்கி அவர் என்ன செய்வார்? மடத்துத் தலைவியான மதரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார், நீங்கள் ஏன் போடுவதில்லை என்று அந்த அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். மதரிடமே நேரே கேட்டுவிடுங்கள், மடத்தில் எது பழுதாகிக் கிடக்கிறது, சிஸ்டருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமா, மூட்டு வலிக்கு நல்ல சப்பாத்து தேவையா என்று.

அதோடு, கடிதங்கள். பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் முதல்நன்மைக்குப் படித்த பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ இருப்பார்கள், துபாயிலும் மெல்பேணிலும் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் கையால் ஒரு பக்கம் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அச்செடுத்துப் புத்தகமாகக் கட்டுங்கள். "நன்றி சிஸ்டர்" என்று மட்டும் எழுதியதைத் திருப்பி அனுப்பி, ஒரு சம்பவமாவது எழுதச் சொல்லுங்கள். நாங்கள் ஒருவருக்கு அப்படிச் செய்தபோது, மழைநாளில் பாவசங்கீர்த்தனத்துக்குப் பயந்து அழுததையும் சிஸ்டர் தன் குடையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசல்வரை வந்து நின்றதையும் ஒரு பையன் எழுதியிருந்தான், அவன் இப்போது மூன்று பிள்ளைகளின் தகப்பன். சிஸ்டருக்கு அந்த மழையே நினைவில்லை.

நாள் கிடைக்கவில்லை என்றால் பெப்ரவரி 2 இருக்கிறது. ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். 1997இலிருந்து அதுதான் துறவிகளுக்கான உலக நாள்.

பிறதர்மாரையும் மறக்கவேண்டாம். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ட் கல்லூரியில் படித்த குடும்பங்களுக்கு லசால் சகோதரர்களைத் தெரியும். அவர்கள் குருவாகப் போகும் வழியில் நிற்பவர்கள் இல்லை, சகோதரர் என்பதே முழுமையான அழைத்தல். வாழ்த்துச் சொல்லப் போய் "எப்போது பிறதர் ஃபாதர் ஆவீர்கள்?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறிவிப்பாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: எங்கள் பங்கில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று பூசையும் உண்டு. போன விழாவில் ஒவ்வொரு பேச்சையும் மூன்று மொழியில் பேசி, நன்றியுரை முடியும்போது இரவு பத்தரை. இந்தத் தடவை பேச்சையெல்லாம் பூசைக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை. சரியா?
(பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: பூசைக்குள் வேண்டாம். பொதுநிலையினர் சாட்சியமோ உரையோ சொல்லவேண்டி வந்தால் பூசைக்கு வெளியே வைப்பதுதான் மிகவும் விரும்பத்தக்கது, முக்கிய காரணம் இருந்தால் நற்கருணை வாங்கிய பின் குரு சொல்லும் மன்றாட்டு முடிந்த பிறகு செய்யலாம், அதுவும் வழக்கமாகிவிடக் கூடாது என்று 2004இல் வத்திக்கான் வெளியிட்ட வழிபாட்டு அறிவுறுத்தலே சொல்கிறது. விழா நாயகரும் அதைத்தான் விரும்புவார். பீடத்தில் நிற்கும்போது தன்னைப் புகழ்ந்து வாழ்த்து வாசித்தால் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் அவர் படும் சங்கடத்தை நான் பலதடவை கண்டிருக்கிறேன். இரண்டு வரி நன்றி, ஒரு பூச்செண்டு, இறுதி ஆசீருக்கு முன் அவ்வளவும் போதும்.

மொழிக்கு வழி இருக்கிறது. ஒரே பேச்சை மூன்றாக மொழிபெயர்க்காதீர்கள். மூன்று பேர், மூன்று விஷயம், ஆளுக்கு மூன்று நிமிடம். தமிழில் பேசுபவர் அவர் நோயாளிகளைச் சந்தித்ததைப் பற்றிச் சொல்லட்டும், சிங்களத்தில் பேசுபவர் இளைஞர்களோடு செய்த வேலையைச் சொல்லட்டும், ஆங்கிலத்தில் பேசுபவர் கூரை திருத்திய கதையைச் சொல்லட்டும். மற்ற இரு மொழியிலும் சுருக்கத்தை ஒரு தாளில் அச்சடித்து மேசைகளில் வைத்துவிடுங்கள். எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு மொழி விளங்கும். ஆனால் தன் மொழி ஒலிக்கவே இல்லையென்றால் நோகும். அந்த நோவு உள்ளே இருந்து அடுத்த திருவிழாக் கூட்டத்தில்தான் வெளியே வரும்.

பேசுபவரை மேடையிலேயே அழைக்காமல் இரண்டு வாரத்துக்கு முன் எழுதித் தரச் சொல்லுங்கள். சுவாமியின் பிறந்த ஊர், படித்த குருமடம், வேலை செய்த பங்குகள் என்று பட்டியல் வாசிப்பதை மூன்று பேரும் செய்யாமலிருக்க இதுதான் ஒரே வழி.

கேள்வி: விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று விதித்து, கொடுத்தவர்களின் பெயரை ஞாயிறு பூசையில் வாசிக்கிறார்கள். நாங்கள் தோட்டத்தில், அதாவது நெருக்கமான வரிசை வீடுகளில், இருக்கிறோம், என் கணவர் துறைமுகத்தில் நாட்கூலி. பெயர் வாசிக்கும்போது பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.
(மட்டக்குளி வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அது நிறுத்தப்படவேண்டிய வழக்கம். உங்கள் சபைத் தலைவர் இதை வாசிப்பார் என்று நம்பி அவருக்கே எழுதுகிறேன்.

ஐயா, பெயர் வாசிப்பதை நிறுத்துங்கள். கோயில் பின்வாசலில் பூட்டிய பெட்டி ஒன்றை ஒரு மாதத்துக்கு வையுங்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்று கடவுளுக்குத் தெரிந்தால் போதும். அதில் சேர்ந்ததற்குள் விழாவைச் செய்யுங்கள். விழா முடிந்த அடுத்த ஞாயிறு வரவையும் செலவையும் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள், பேச்சுக்கு இடமிருக்காது.

சாப்பாட்டைப் பங்கின் வலயங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு வலயம் பட்டிஸ், ஒரு வலயம் கட்லட், ஒரு வலயம் பட்டர் கேக், ஒரு வலயம் தேத்தண்ணி. காசில்லாத வீட்டார் வந்து கோப்பை கழுவி, கதிரை அடுக்கி, கொடி கட்டித் தருவார்கள், அதுவும் பங்களிப்புத்தான், அறிவிப்பில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆளுக்கு நான்கு சிற்றுண்டி கணக்கு, மூன்று உறைப்பு, ஒன்று இனிப்பு. அதற்கு மேல் செய்தால் கடைசியில் பையில் போட்டுக் கொடுக்க வேண்டி வரும், அதுவும் கெட்டதில்லை. நூறு கோப்பைப் பால் தேத்தண்ணிக்கு 400 கிராம் பால்மா பக்கெட் நான்கு, தேயிலை கால் கிலோ, சீனி ஒன்றரைக் கிலோ. சீனி போடாத பிளேன்டீ ஒரு கேத்தல் தனியாக வையுங்கள். வயதான குருக்கள் கேட்க வெட்கப்பட்டுச் சீனித் தேத்தண்ணியையே குடித்துவிடுவார்கள்.

மட்டக்குளி அம்மா, நீங்கள் அன்றைக்குக் கட்டாயம் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். விழா உங்களுக்கும் உரியதுதான்.

கேள்வி: விழா முடிந்த பிறகு சபையாருக்கும் விருந்தாளிகளுக்கும் பின்பக்கம் "கொஞ்சம்" ஏற்பாடு செய்யலாமா? எல்லாப் பங்கிலும் நடக்கிறதுதானே.
(பெயர் எழுதாதவர்)

பதில்: வேண்டாம். கோயில் வளவுக்குள் வேண்டவே வேண்டாம். குடியால் கெட்ட வீடு ஒவ்வொரு வலயத்திலும் இருக்கிறது, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக இதே சுவாமிதான் இரவு பதினொரு மணிக்கு எழும்பிப் போகிறார்.

கேள்வி: எங்கள் சுவாமிக்கு மாற்றம் வந்திருக்கிறது. எட்டு வருடம் இருந்தவர், சனம் அழுகிறது. ஒரே வாரத்தில் பிரியாவிடையும் புதியவருக்கு வரவேற்பும். இரண்டையும் ஒரே நிகழ்வாகச் செய்தால் செலவு மிச்சம் என்கிறார்கள்.
(வத்தளை வாசகர்)

பதில்: சேர்க்காதீர்கள். அழுகிற சனத்தின் முன்னால் புதியவரை நிறுத்தினால், அவர் செய்யாத குற்றத்துக்கு அவரைத் தண்டிப்பதுபோல் ஆகும். "இவரைப் போல ஒருவர் இனி வரமாட்டார்" என்று யாராவது ஒலிவாங்கியில் சொல்லியே தீருவார்கள், புதியவர் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிரியாவிடைக்குச் சுமக்கக்கூடிய பரிசு கொடுங்கள். மாற்றலாகிப் போகும் குருவின் அறையைக் காலிபண்ண உதவியிருக்கிறேன், அலுமாரிக்குள் ஒரே அளவில் பதினேழு பொன்னாடை, கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகக் கண்ணாடி நினைவுச் சின்னங்கள், எல்லாவற்றிலும் அவர் பெயர். எறியவும் முடியாது, புதிய பங்கின் சிறிய அறைக்குக் கொண்டுபோகவும் முடியாது. பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜோன் மரிய வியான்னிக்கு 1852இல் ஆயர் ஒரு கௌரவ மேலாடையைப் போர்த்திவிட்டார். அவர் அதை ஐம்பது பிராங்குக்கு விற்று நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் சுவாமிமாருக்கு விற்கவும் வழியில்லை. போகும் இடத்தில் அவருக்கு உதவக்கூடியது எது என்று கேளுங்கள், இல்லையென்றால் ஆன்மீகப் பூச்செண்டு கொடுங்கள். எத்தனை திருப்பலி, எத்தனை செபமாலை அவருக்காக ஒப்புக்கொடுத்தோம் என்று ஒவ்வொரு வீடும் எழுதிய அட்டை. முந்தி எல்லாப் பங்கிலும் இருந்த வழக்கம், இப்போது குறைந்துவிட்டது.

புதியவரை வரவேற்கும்போது முதல் மாதம் அவரிடம் முறைப்பாட்டுக் கடிதம் கொண்டுபோகாதீர்கள். வந்த இரவு சூடான சாப்பாடு, வேலை செய்யும் மின்விசிறி, எந்தத் திறப்பு எந்தக் கதவுக்கு என்று எழுதிய சீட்டு, படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளின் பட்டியல். இவை இருந்தால் மாலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1687இல் புனித யோசேப் வாஸ் இந்தத் தீவுக்கு வந்தபோது கரையோரத்தில் ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. எளிய கூலியாள் வேடத்தில் நோயாளியாக யாழ்ப்பாணத்தில் வந்து சேர்ந்தார், காத்திருந்து வரவேற்க ஒருவரும் இல்லை. 2015 ஜனவரி 14 அன்று காலி முகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். அன்றைக்கு என் மனதில் ஓடியது அந்த முதல் நாள்தான், சுகமில்லாமல் வந்தவருக்கு யாரோ ஒருவர் கதவு திறந்திருக்கிறார்.

கேள்வி: என் மகன் குருமடத்துக்குப் போகிறான். பங்கில் பெரிதாக விழா வைத்து மேடையில் ஏற்றப் போகிறார்கள். அவனுக்கு விருப்பமில்லை, எனக்கும் பயமாக இருக்கிறது.
(தெமட்டகொடை, ஒரு தாய்)

பதில்: உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது அக்கா, நீங்கள் சொல்லத் தயங்குவதையும் நானே சொல்கிறேன்: திரும்பி வந்தால் என்ன முகத்தோடு வருவான்? குருவாவதற்கு மெய்யியலும் இறையியலும் மட்டுமே குறைந்தது ஆறு முழு வருடம் படிக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்கு முந்திய ஆயத்தமும் நடுவில் களப்பணியும் சேர்ந்தால் இன்னும் நீளும். அவ்வளவு வருடமும் எதற்காக? அவனும் திருச்சபையும் சேர்ந்து தேர்ந்து தெளிவதற்காக. நடுவில் "இது என் வழியில்லை" என்று தெளிந்து வருபவன் தோற்றவன் இல்லை. ஆனால் மேடையில் ஏற்றி, சுவரொட்டி அடித்து, "எங்கள் வருங்காலக் குரு" என்று மாலை போட்டு அனுப்பினால் அவன் திரும்பிவரும் பாதையில் நாங்களே கல்லைப் போடுகிறோம். அப்படித் திரும்பி வந்து, வெட்கத்தில் ஞாயிறு பூசைக்கு வேறு பங்குக்குப் போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

பங்குச் சுவாமியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடிவில் அவனை முன்னுக்கு அழைத்து எல்லோரும் கை நீட்டி ஆசீர்வதிக்கட்டும், பிறகு மறைக்கல்விப் பிள்ளைகளோடும் பீடப்பணியாளர்களோடும் ஒரு கேக் வெட்டட்டும். திருநிலைப்படுத்தப்படும் நாளில் மேடை, மாலை, பாண்ட் வாத்தியம் எல்லாம் போடலாம். போகும் முதல்நாள் இரவு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து வீட்டாரோடு சாப்பிடவையுங்கள், அன்றைக்கு வீட்டில் விருந்தாளி வேண்டாம்.

கேள்வி: எங்களுக்குக் கலியாணம் கட்டிவைத்த சுவாமி இப்போது ஓய்வில், குருக்களின் இல்லத்தில் இருக்கிறார். பங்கின் ஆண்டு நிறைவுக்கு அவரை அழைக்க விருப்பம், ஆனால் நடக்கமாட்டார், நினைவும் கொஞ்சம் தடுமாறுகிறது. அழைக்காமல் விட்டால் பிழையா?
(முகத்துவாரம் வாசகி)

பதில்: அழைத்துக்கொண்டு வராமல் நீங்கள் போங்கள். பேருந்து பிடித்து நாற்பது பேர் வேண்டாம், ஆறு பேர், அரை மணித்தியாலம். இல்லத்துப் பொறுப்பாளருக்கு முதலே தொலைபேசி எடுத்து அவருடைய சாப்பாட்டு நேரம், மருந்து நேரம், எதைச் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் மற்றச் சுவாமிமாருக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள், ஒருவருக்கு மட்டும் பொதி கொடுத்தால் அவருக்கே தொண்டையில் இறங்காது. போனவுடன் "என்னைத் தெரிகிறதா சுவாமி?" என்று கேட்கவேண்டாம், தெரியாவிட்டால் அவருக்கு வெட்கமாகிவிடும். நீங்களே பெயரையும் எந்த வருடம் கலியாணம் என்பதையும் சொல்லிக்கொண்டு உட்காருங்கள். பழைய படங்கள் இருந்தால் எடுத்துப் போங்கள்.

நாங்கள் இப்படி ஒருவரைப் பார்க்கப் போனபோது அவருக்கு எங்களில் ஒருவரையும் தெரியவில்லை. படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கோயில் உட்பக்கப் படம் ஒன்றில் விரலை வைத்து, "மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் மழைக்கு இன்னும் ஒழுகுகிறதா?" என்று கேட்டார். ஒழுகுகிறது சுவாமி என்றோம். "வாளி வையுங்கள், வாங்கை நகர்த்துங்கள், பலகை பழுதாகிவிடும்" என்றார். அடுத்த ஞாயிறே அந்த வாங்கை நகர்த்தினோம், அவருக்கு அதைத் தொலைபேசியில் சொல்லியும் விட்டோம்.